குத்தூசி

மூட்டையின் வயிற்றில் குத்தூசி செருகி
உள்ளங்கையளவு நெல்லை உருவி எடுப்பது என் வேலை.
கொரடாச்சேரிக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரைக் கொள்முதல் நிலையம்.
பட்டியல் எழுத்தர். பருவகாலப் பணி.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
அண்ணன் தம்பி நெல்லானாலும்
திரும்பத் தார்ச்சாலைக்குத்தான், வெயிலுக்கு.

பக்கிரிசாமி தூக்குகிறவர்.
நாற்பது கிலோ மூட்டை, நாளைக்கு இருநூறு.
புரட்டாசியில் வலது தோள் உயர மறுத்தது.
தைலம், மாத்திரை, நீடாமங்கலத்தில் ஒரு கட்டு,
எதற்கும் இறங்காத வலி.

ஜிம் நடத்தும் மதியரசு கொண்டுவந்தான்:
கட்டைவிரல் உயரக் குப்பி,
அடியில் சிட்டிகை வெள்ளைப் பொடி.
"பெப்டைடுண்ணே. அறுந்த நாரை ஒட்ட வைக்கும்.
வெளிநாட்டுல குதிரைக்கே போடுறாங்க."
நாலாயிரத்து ஐநூறு.
டி.பி.சி.யில் தேய்ந்த தோளுக்கு பி.பி.சி. என்று
சிரித்தபடி என் மேசையில் வைத்தார் பக்கிரிசாமி.
"படிச்சுச் சொல்லுங்க கிளார்க்கு சார்."

ஆராய்ச்சிக்கு மட்டும்.
மனிதர்க்கு அல்ல.
இங்கிலீஷில் இரண்டே வரி.
செய்தவர் பெயரில்லை, ஊரில்லை,
தொகுதி எண் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மயில் படம்.

சொன்னேன்.
"நம்ம பொழப்பே ஆராய்ச்சிதானே சார்" என்றார்.

என் பையிலும் ஊசி உண்டு, பதினோரு வருடமாய்.
மண்சட்டித் தண்ணீரில் மிதக்கும் டப்பாவில் இன்சுலின்.
அதுவும் கோத்த சரடுதான், ஐம்பத்தொரு மணி,
திருவாரூர் டாக்டர் ஒருமுறை எண்ணிச் சொன்னார்.
பக்கிரிசாமியின் பொடியில் பதினைந்து என்கிறார்கள்.
ஒரே வம்சம்.
ஒரு மணி இடம் மாறினால்
உடம்பு அதை வேறு சொல்லாக வாசிக்கும்.

அன்றிரவு டார்ச்சடித்து,
பேனா ஊசியின் முதுகில்
இத்தனை நாள் பார்க்காத எண்களை வாசித்தேன்.
தொகுதி. உரிமம். காலாவதி. புகாருக்கு ஒரு முகவரி.
கெட்டுப்போனால் தட்டுவதற்கு ஒரு கதவு,
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதான் குப்பியில் இல்லை.

போட்டுக்கொண்டார்,
தொப்புளுக்குப் பக்கத்தில், ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளும் ஐப்பசி அடைமழை,
சாக்கும் வரவில்லை, நிலையம் மூடிக் கிடந்தது.
பத்தாம் நாள் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.
ஊசியா, ஓய்வா?
யாரைக் கேட்பது.
பன்னிரண்டாம் நாள்
குத்திய இடம் கொழுக்கட்டையாய் வீங்கிச் சீழ் கோத்தது.

மருந்து ஆய்வாளர் அம்மா வந்தது அதற்கப்புறம்.
மதியரசின் ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குக் கீழே
முப்பத்தொரு குப்பி.
சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
நூல் சுற்றி, அரக்கு உருக்கி, பாகம் பாகமாய்ப் பிரித்து...
இன்னொருவர் மாதிரி எடுப்பதை
அன்றுதான் சும்மா நின்று பார்த்தேன். கை ஊறியது.
கரண்ட் இல்லை. குளிர் விடக்கூடாதென்று
நாகூர் மீன்வண்டிக்காரர் ஐஸ் அள்ளிக் கொடுத்தார்.
வாளை வாசத்தோடு சென்னைக்குப் போயிற்று ஆதாரம்.

"நானும்தான் போட்டுக்கிட்டேன் மேடம்,
விக்க மட்டுமா செஞ்சேன்?" என்றான் மதியரசு.
எழுதிக்கொண்டே இருந்தார் அந்தம்மா.
பிறகு, படிவத்தில் இல்லாத ஒரு குரலில்,
"எத்தனை நாளா?"

முடிவு இன்னும் வரவில்லை.
தை பிறந்து சம்பா வரத்து.
பக்கிரிசாமி இப்போது இடது தோளில் தூக்குகிறார்.
லாரி நிழலில், ஒரு பீடி நேரம்,
சட்டையை விலக்கி வலது தோளைக் காட்டினார்:
"கிளார்க்கு சார், அந்தக் குத்தூசியால
இங்க ஒரு குத்து குத்தி மெஷின்ல வைங்களேன்.
ஈரம் எவ்வளவுன்னு பாத்துருவோம்."

வரிசையில் அடுத்த டிராக்டர்
ஹாரனை விடாமல் அடித்தது.